பதினேழு வளைவுகளும் இரண்டு ஃபைல் சார்ஜும்

பில்லின் அடியில் பேனாவால் எழுதியிருந்தார்கள்: 'ஃபைல் சார்ஜ் 1,000 + 1,000'.

"ஒரு வண்டி, ஒரு பாலிசி. ஃபைல் சார்ஜ் மட்டும் எதுக்குத் தம்பி ரெண்டு?" என்று கேட்டேன்.

"அடி ரெண்டுல்லண்ணே" என்றார் சர்வீஸ் சென்டர்காரர். கோபப்பட வழியில்லை. அவர் சொன்னது சரி.

நடந்தது இதுதான். பூப்பாறையில் ஒரு புதுமனைப் புகுவிழாவுக்காகக் காலையில் போடியிலிருந்து கிளம்பினேன். முந்தல் தாண்டி ஏற்றம் பிடித்து, பாதி வளைவுகள் முடிந்திருக்கும். மேலிருந்து ஒரு ஜீப் வளைவை அகலமாக வெட்டிக்கொண்டு இறங்கியது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்று சாலை விதி சொல்கிறது. ஜீப்பிடம் விதியைச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? இடப்பக்கம் ஒடித்தேன். முன் பம்பரின் இடது மூலை கட்டைச்சுவரில் உரசியது. மாலை திரும்பும்போது போடிமெட்டில் டீ குடிக்க நிறுத்தினேன். வெளியே வந்து பார்த்தால் பின்கதவில் ஒரு பள்ளம். யார் இடித்தார்கள் என்று தெரியவில்லை. வந்ததே வந்தது, இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். சர்வேயர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். "ரெண்டும் ஒரே இடியா சார்?" என்றார். முன்னால் சுவர், பின்னால் வேறு வண்டி. இடையில் ஒரு பகல் முழுக்க இருக்கிறது. இரண்டு விபத்து, இரண்டு கிளைம், இரண்டு பிடித்தம்.

பட்டறைகளில் 'ஃபைல் சார்ஜ்' என்று சொல்லப்படும் இந்தத் தொகையை, பட்டறைக்காரர் எழுதும் கூலி என்று நினைப்பவர்கள் உண்டு. சர்வேயருக்குப் போகிறது என்று கிசுகிசுப்பவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. உங்கள் பாலிசி அட்டவணையில் 'கம்பல்சரி டிடக்டபிள்' என்று ஒரு வரி இருக்கும். சிலவற்றில் 'எக்ஸஸ்' என்று இருக்கும். தமிழில் கட்டாயப் பிடித்தம் என்று வைத்துக்கொள்ளலாம். சேதம் எவ்வளவு ஆனாலும் முதல் இவ்வளவு ரூபாய் உங்களுடையது, அதற்கு மேல்தான் எங்கள் கணக்கு என்று நிறுவனம் போடும் கோடு அது. தனியார் கார் 1,500 சி.சி. வரை என்றால் 1,000 ரூபாய். அதற்கு மேல் 2,000. பைக், ஸ்கூட்டருக்கு 100. பிரிட்டனில் இளம் ஓட்டுநர்களிடம் இந்தத் தொகையைக் கூட்டி வாங்குவார்கள். இங்கே ஓட்டுகிறவரின் வயதைப் பார்ப்பதில்லை, எஞ்சினைப் பார்க்கிறார்கள்.

கோடு எதற்கு? முந்நூறு ரூபாய் கீறலுக்கெல்லாம் கோப்பு திறந்தால், கோப்புக்கு ஆகும் செலவே முந்நூறைத் தாண்டும். அதைவிட முக்கியமாக, கைக்காசு கொஞ்சம் போகும் என்று தெரிந்தால் வளைவில் ஹாரன் அடித்துத் திரும்புவோம்.

இந்தப் பிடித்தம் விபத்துக்கு ஒரு தடவை. வருடத்துக்கு ஒரு தடவை அல்ல. பம்பர் டு பம்பர் போட்டிருந்தாலும் இது போகாது. அந்தக் கூடுதல் காப்பு தேய்மானக் கழிவைத்தான் நீக்கும். வண்டியே திருட்டுப் போய், பாலிசியில் குறித்த ஐ.டி.வி. மதிப்பை முழுதாகத் தரும்போதும் இதைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். தேர்ட் பார்ட்டி பகுதிக்கு மட்டும் இந்தப் பேச்சு இல்லை. உங்கள் வண்டியால் இன்னொருவருக்கு நேர்ந்த இழப்பில் அவரிடமிருந்து எதுவும் பிடிக்க மாட்டார்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்து ஓட்டுகிறவருக்கு ஃபைல் சார்ஜும் இல்லை, பம்பரும் இல்லை.

பட்டறை பில்லுக்கும் நிறுவனம் தரும் தொகைக்கும் நடுவில் விழுவது இந்த ஆயிரம் மட்டும் என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இதற்கு முன்னால் தேய்மானம் ஒரு சுற்று தின்றுவிடும். போடிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் சுமார் ஐந்து கிலோ பச்சைக் காய் போட்டால் ஒரு கிலோ உலர்ந்த காய் தேறும். கிளைம் அந்த அளவுக்குச் சுருங்காது என்றாலும் சுருங்கும்.

மூன்று வயது முடிந்து நான்காவது வயதில் ஓடும் ஒரு சின்னக் காரை எடுத்துக்கொள்வோம். சுவரில் கொஞ்சம் பலமாகவே மோதியது. பம்பர் 4,000, ஃபெண்டர் 3,000, டிங்கரிங் கூலி 3,000, பெயிண்டிங் 8,000. ஜி.எஸ்.டி.யை விட்டுவிடுவோம், மொத்தம் 18,000. பம்பர் பிளாஸ்டிக். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்கெல்லாம் வண்டியின் வயது என்னவானாலும் பாதிதான்: 2,000. ஃபெண்டர் தகடு. இந்த வயதில் உலோகத்துக்குத் தேய்மானம் 25 சதவீதம்: 2,250. கூலி முழுதாகக் கிடைக்கும். பெயிண்டிங்கில் கால் பங்கை மருந்துச் செலவாக எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள்: 7,000. ஆக 14,250. இதற்குப் பிறகுதான் பிடித்தத்தின் முறை. கட்டாயம் 1,000 போனால் கையில் 13,250. கண்ணாடி மட்டும் உடைந்திருந்தால் தேய்மானம் கிடையாது. ஆனால் ஆயிரம் உண்டு.

அடுத்தது 'வாலண்டரி டிடக்டபிள்', விருப்பப் பிடித்தம். ஆன்லைனில் புதுப்பிக்கும்போது ஒரு கட்டம் வரும்: 2,500, 5,000, 7,500, 15,000. ஒன்றைத் தொட்டால் பிரீமியம் சட்டென்று இறங்கும். நிறையப் பேர் தள்ளுபடிக் கூப்பன் என்று நினைத்துத் தொட்டுவிடுகிறார்கள். தொட்ட தொகை, கட்டாயப் பிடித்தத்தின் மேல் ஏறி உட்காரும். 2,500 எடுத்தவருக்கு மேலே சொன்ன 13,250, 10,750 ஆகிவிடும். 15,000 எடுத்தவர் தாங்க வேண்டியது 16,000. அனுமதித்த தொகையோ 14,250. அவருக்கு ஒரு பைசா வராது.

இதற்குப் பதிலாக என்ன கிடைக்கிறது? 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் டாரிஃப்பில் பட்டியல் இருக்கிறது. 2,500க்குச் சொந்த சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம், ஆனால் 750 ரூபாய்க்கு மேல் இல்லை. 5,000க்கு 25 சதவீதம், உச்சம் 1,500. 7,500க்கு 30 சதவீதம், உச்சம் 2,000. 15,000க்கு 35 சதவீதம், உச்சம் 2,500. 2007 ஜனவரி முதல் சொந்த சேதப் பகுதிக்கு நிறுவனங்களே விலை வைத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டதால் உங்கள் விலைப்புள்ளியில் எண்கள் மாறியிருக்கலாம். இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்க்க இந்தப் பழைய பட்டியல் போதும்.

சொந்த சேதப் பிரீமியம் 6,000 என்று வையுங்கள். 2,500 எடுத்தால் மிச்சம் 750. 5,000க்கு 1,500. இரண்டிலும் மூன்றேகால் வருடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு கிளைமும் போடாமல் ஓட்டினால் கட்டுப்படி ஆகும். 7,500க்கு 1,800, நான்கு வருடத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். 15,000க்கு 2,100, ஏழு வருடம். அதாவது 7,500இலிருந்து 15,000க்குத் தாவும்போது கூடுதலாக 7,500 ரூபாய் ஆபத்தைத் தோளில் ஏற்றிக்கொள்கிறீர்கள். நிறுவனம் தருவது முந்நூறு ரூபாய். இந்தக் கடைசிப் படியில் ஏறுகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை. விலை உயர்ந்த வண்டியானாலும் உச்சவரம்பு 2,500இல் நின்றுவிடுகிறது என்பதால் அவர்களுக்கும் இது பெரிய லாபமில்லை.

அப்படியானால் விருப்பப் பிடித்தமே வேண்டாமா? அவசரப்பட வேண்டாம். கணக்கில் இன்னொரு ஆள் இருக்கிறார்: நோ கிளைம் போனஸ். கிளைம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் 20, 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதத்தில் நிற்கும் சலுகை அது. ஒரு கிளைம் போட்டால் பூஜ்யத்தில் இறங்கி மறுபடி ஏற வேண்டும். 50இல் இருந்தவர் அடுத்த ஐந்து வருடங்களில் இழப்பது 50, 30, 25, 15, 5. கூட்டினால் ஒரு வருடப் பிரீமியத்தில் 125 சதவீதம். நம் 6,000 ரூபாய் வண்டியில் 7,500 ரூபாய். வண்டி பழசாகப் பழசாகப் பிரீமியம் குறையும் என்பதால் உண்மையில் சற்றுக் குறைவாக வரும், போகட்டும். நிறுவனத்திடமிருந்து ஏழாயிரத்துச் சொச்சம் கிடைக்காத கிளைமைப் போடுவதே நஷ்டம் என்று இதற்கு அர்த்தம்.

அனுபவசாலிகள் சின்ன உரசலுக்குக் கிளைம் போவதில்லை. போடியில் தெரிந்த டிங்கரிடம் விட்டுப் பட்டி பார்த்து, ஸ்ப்ரே அடித்து, கைக்காசு கொடுத்து எடுத்துவிடுவார்கள். எதிரே இடித்தவர் கேரளப் பதிவு வண்டிக்காரராக இருந்தாலும் வளைவிலேயே பேசி முடித்துக்கொள்கிற பழக்கம் இதனால்தான் நிலைத்திருக்கிறது. எப்படியும் கேட்கப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்ட அந்த முதல் ஐயாயிரத்துக்கு எதற்குப் பிரீமியம் கட்ட வேண்டும்? விருப்பப் பிடித்தத்துக்கு ஆதரவாக நான் கேட்ட ஒரே நியாயமான வாதம் இதுதான். போனஸ் 50ஐ எட்டிவிட்டவர், தேனி, மதுரை என்று சமவெளியில் ஓட்டுகிறவர், வருடத்துக்கு ஒருமுறை மூணாறு போய் வருகிறவர், இவர்களுக்கு 5,000 பொருந்தும்.

தினமும் அல்லது வாரத்துக்கு இரண்டு தடவை போடிமெட்டு ஏறி இறங்குகிறவர் கதை வேறு. முந்தலிலிருந்து மேலே 17 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள், மாலையில் அதே ஜீப்புகள் இறக்கத்தில். ஆடி, ஐப்பசி மாதங்களில் இரண்டு வண்டி தூரத்தில் இருப்பதும் தெரியாத மேகம். இங்கே விபத்து என்றால் கீறலோடு நிற்கும் என்று சொல்ல முடியாது. பெரிய அடிக்கு 5,000 பிடித்தம் தவறாமல் போகும். காய்க்காரர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. எடுப்பு நடக்கும் மாதங்களில் கையில் பணம் புரளும். சித்திரை, வைகாசியில் உரம், கவாத்து, கூலி என்று எல்லாம் வெளியே போய்விட்டிருக்கும். பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் வளைவுகள் திணறுவதும் அந்த மாதங்களில்தான். விருப்பப் பிடித்தம் எடுப்பவர் அந்தத் தொகையை வைகாசியிலும் எடுத்து நீட்ட முடியுமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மஞ்சள் பலகை வண்டிகளுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. அந்த டாரிஃப் பட்டியலில் விருப்பப் பிடித்தச் சலுகை தனியார் கார்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும்தான். காய் மூட்டை ஏற்றும் பிக்கப் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டியது வேறு: ஐ.எம்.டி. 23. சொந்த சேதப் பிரீமியத்தில் 15 சதவீதம் கூடுதலாகக் கட்டி இதைச் சேர்க்காவிட்டால், பகுதிச் சேதத்தில் பம்பர், மட்கார்டு, விளக்கு, பெயிண்ட் எதற்கும் காசு இல்லை. மலைப்பாதையில் உரசுவது சரியாக இவைதான். வெள்ளைப் பலகை ஜீப்பில் தலைக்கு இவ்வளவு என்று வாங்கி ஆள் ஏற்றினால், பிடித்தம் எவ்வளவு என்ற கேள்விக்கே போக வேண்டியதில்லை. வாடகைக்கு ஓட்டியது பாலிசி நிபந்தனையை மீறியது என்று கிளைமே நின்றுவிடும்.

மலைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் இன்னும் சில. மண்சரிவு, பாறைச்சரிவு இரண்டும் பேக்கேஜ் பாலிசியின் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கின்றன. போடிமெட்டுக்கும் மூணாறுக்கும் இடையிலுள்ள கேப் ரோட்டில் சரிந்ததைப் போல ஒன்று உங்கள் வண்டிமேல் விழுந்தாலும் காப்பு உண்டு, அதே ஆயிரம் பிடித்தத்தோடு. யானை மிதித்தால்? 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் வீதிகளில் புகுந்தபோது இந்தக் கேள்வி பலமாக அடிபட்டது. வெளியிலிருந்து நேர்ந்த விபத்து என்ற வரிக்குள் அது வரும். இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்தே வந்து டிரம் சூடேறிப் போனால் வராது. அது இயந்திரக் கோளாறு. அப்படிப் போய்ச் சுவரில் மோதினால் மோதிய சேதத்துக்கு உண்டு, பிரேக்குக்கு இல்லை. விபத்தில் அடிபட்டு நடு வளைவில் நின்ற வண்டியைக் கட்டி இழுத்துவரக் காருக்குப் பாலிசி தருவது 1,500 ரூபாய் வரைதான். மிச்சத்துக்கு ரோடு சைடு அசிஸ்டன்ஸ் எடுத்திருக்க வேண்டும்.

எனக்கு இந்த வருடம் புதுப்பிக்கும் நாள் வந்தது. போனஸ் போய்விட்டது, மாதத்துக்கு இரண்டு முறை மலை ஏறுகிறேன். விருப்பப் பிடித்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். பத்தே நாளில் வலப்பக்கக் கதவில் இன்னொரு கீறல். டிங்கர் 1,800 கேட்டார். கொடுத்துவிட்டு, கோப்பு எதுவும் திறக்காமல் வீட்டுக்கு வந்தேன்.