காங்கோ சதுக்கத்தின் ஞாயிற்றுக்கிழமைகள்

1819 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நியூ ஆர்லியன்ஸ் நகரத் தெருவில் நடந்துபோய்க்கொண்டிருந்த பெஞ்சமின் லட்ரோப் என்ற கட்டடக் கலைஞருக்கு இனம் தெரியாத ஓசை ஒன்று கேட்டது. பலகைத் தளத்தின்மேல் குதிரைகள் மிதிப்பதுபோல இருந்ததாம். கிட்டப் போய்ப் பார்த்தார். நகரின் பின்புறத் திடலில் ஐந்நூறு, அறுநூறு கறுப்பின மக்கள் வட்டம் வட்டமாகக் கூடியிருந்தார்கள். முதியவர் ஒருவர் உருளை முரசின்மேல் காலை இருபுறமும் போட்டு உட்கார்ந்து, விரல்களாலும் உள்ளங்கை விளிம்பாலும் கண்ணுக்குச் சிக்காத வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுரைக்குடுக்கையில் செய்த நரம்புக்கருவி ஒன்று. அதன் தண்டின் உச்சியில் உட்கார்ந்த நிலையில் ஒரு சின்ன மனித உருவம். லட்ரோப்புக்கு அந்த இசை கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனாலும் கருவிகளை ஒவ்வொன்றாகக் குறிப்பேட்டில் வரைந்து வைத்தார். அந்தப் படங்கள் இல்லாவிட்டால் அவை எப்படி இருந்தன என்பதே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

அந்தத் திடல்தான் காங்கோ சதுக்கம். இன்று லூயி ஆம்ஸ்ட்ராங் பூங்காவின் ஒரு மூலை.

அடிமைகளுக்கு ஞாயிறு ஓய்வு என்பது 1724இல் பிரெஞ்சு ஆட்சி லூயிசியானாவில் கொண்டுவந்த சட்டம். அந்த ஒரு நாளில் காய்கறி விற்றார்கள், பலகாரம் விற்றார்கள். ஸ்பானிய ஆட்சிக் காலத்தில் அப்படிச் சேர்த்த காசில் தங்கள் விடுதலையையே விலைக்கு வாங்கியவர்களும் உண்டு. 1817இல் நகராட்சி ஓர் உத்தரவு போட்டது: ஞாயிறன்று மட்டும், மேயர் காட்டும் இடத்தில் மட்டும், சூரியன் சாயும்வரை மட்டுமே ஆடிப் பாடலாம். கட்டுப்படுத்தப் போட்ட உத்தரவுதான். ஆனால் தென் கரோலினாவில், கிளர்ச்சிக்குச் சைகை ஆகிவிடும் என்று பயந்து, 1740லேயே முரசுக்குத் தடை விதித்திருந்தார்கள். இங்கே அது வெட்டவெளியில் ஒலித்தது. ஆறு நாளும் எஜமானுக்குச் சொந்தமாக இருந்த கைகள், ஏழாம் நாள் பிற்பகலில் பம்பூலா என்ற ஆட்டத்துக்குத் தாளம் போட்டன. இந்நகரத்துத் தெரு ஊர்வலங்களின் தாளத்தில் அதன் நடை இன்றும் இருக்கிறது. ஜாஸ் எங்கே பிறந்தது என்று கேட்டால் பலரும் இந்தத் திடலைக் காட்டுவது அதனால்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அந்தக் கூட்டங்கள் ஓய்ந்தன. 1893இல் திடலுக்கு, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதி போரகார்டின் பெயரைச் சூட்டினார்கள். முரசு கேட்ட மண்ணுக்கு அந்தப் பெயர்! அக்கம்பக்கத்து ட்ரெமே மக்கள் அதைக் காங்கோ சதுக்கம் என்றே சொல்லிவந்தார்கள்.

ட்ரெமே, அமெரிக்காவின் மிகப் பழைய கறுப்பினக் குடியிருப்புகளில் ஒன்று. பித்தளை வாத்தியக் குழுக்களும் சவ ஊர்வல இசையும் அந்தத் தெருக்களில் வளர்ந்தவை. அங்குள்ளவர்களுக்குப் பூங்காவாக இருந்தது கிளெய்போர்ன் சாலை. அகன்ற சாலையின் நடுவே வரிசையாக ஓக் மரங்கள், அவற்றின் நிழலில் விருந்து, விளையாட்டு, மார்டி கிரா திருவிழா. 1966இல் மேம்பாலச் சாலைக்காக அந்த மரங்களைச் சாய்த்தார்கள். அதே காலத்தில், கலை மையம் அமைக்கப்போவதாகச் சொல்லி, சதுக்கத்தை ஒட்டிய பல தெருக்களை வீடு வீடாக இடித்தார்கள். வாத்தியக்காரர்கள் வாழ்ந்த வீடுகளும் அவற்றில் போயின.

1971இல் ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் மறைந்தார். ஆளில்லாமல் கிடந்த அந்த நிலத்தில் அவர் பெயரில் பூங்கா அமைத்து 1980இல் திறந்தார்கள். சுமார் 32 ஏக்கர், குளம், பாலங்கள், விளக்குகள் பதித்த வளைவு வாசல், சிற்பி எலிசபெத் கேட்லெட் வடித்த அவருடைய வெண்கலச் சிலை. சுற்றிலும் வேலி. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் வாசிக்கக் கூடாது என்று 1956இல் இந்த மாநிலம் சட்டம் போட்டபோது, பிறந்த ஊருக்கு வந்து வாசிக்கவே மறுத்தவர் ஆம்ஸ்ட்ராங். 1965இல்தான் திரும்பி வந்தார். அப்படிப்பட்டவருக்கு நினைவிடம் எழுப்ப, அவருடைய மக்களின் வீடுகள் இருந்த மனைதான் கிடைத்ததா என்று எனக்கு ஆறவே இல்லை. ட்ரெமேயின் பெரியவர்களுக்கும் அந்த வேலி நெடுங்காலம் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆனாலும் இசை இந்த மண்ணை விடவில்லை. 1970இல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் விழா முதன்முதலில் நடந்தது இந்தச் சதுக்கத்தில்தான். சில நூறு பேர்தான் வந்தார்கள். வாத்தியக் குழு ஒன்று வாசித்துக்கொண்டே வர, அங்கிருந்த பாடகி மஹாலியா ஜாக்சன் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். அவர் அங்கேயே பாட ஆரம்பித்துவிட்டார். பூங்காவுக்குள் உள்ள அரங்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005இல் வந்த கத்ரீனா புயல் அந்த அரங்கத்தையும், 1930இல் கட்டிய பக்கத்து நகர மண்டபத்தையும் மூழ்கடித்தது. அரங்கம் 2009இல் திறந்தது. மண்டபம் பூட்டியே கிடந்தது. 2021இல் அதை நகராட்சி அலுவலகமாக மாற்றும் திட்டம் வந்தபோது ட்ரெமே மக்கள் கொதித்து எழுந்தார்கள். இன்னொரு முறை எங்கள் இடத்தைத் தர மாட்டோம் என்று அவர்கள் நின்ற பிறகு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

2011இல் நகர மன்றம் போரகார்டின் பெயரை நீக்கி, காங்கோ சதுக்கம் என்பதையே சட்டப்படியான பெயராக்கியது. பூங்காவில் ஜாஸ் முன்னோடிகள் பட்டி போல்டன், சிட்னி பெஷே, இறகும் மணியும் கோத்த உடையில் மார்டி கிரா இந்தியர் குழுத் தலைவர் டூட்டி மொன்டானா ஆகியோரின் சிலைகளும் சேர்ந்தன.

ஜூலையில் ஒரு விடியற்காலை வெள்ளை உடுத்தியவர்கள் இங்கே கூடுவார்கள். அடிமைக் கப்பலில் கடலைக் கடக்கும்போது இறந்த மூதாதையரை நினைத்து வழிபட்டு, இங்கிருந்து நடந்து புறப்படுவார்கள். மற்ற வாரங்களில், ஞாயிறு பிற்பகலில், வட்டம் வட்டமாகக் கல் பதித்த தரையில் ஓக் நிழல் பார்த்து நாற்காலி போடுகிறார்கள். முரசைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொள்கிறார்கள். கை ஓய்ந்தவர் எழுந்தால் பக்கத்தில் நிற்பவர் உட்காரலாம்; டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது. எட்டு வயதுப் பையன் தாளம் தவறினால் பெரியவர் வாயால் ஒன்றும் சொல்வதில்லை. தன் முரசை அவன் பக்கம் திருப்பி, கொஞ்சம் அழுத்தி அடிக்கிறார்.