எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள்

அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவில், துணி சுற்றிய கையோடு வந்து நிற்பவரிடம் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "எப்படி அடிபட்டது?" கூட வந்த சூப்பர்வைசர் முந்திக்கொள்வது பல இடங்களில் நடக்கிறது. "பைக்ல இருந்து விழுந்துட்டான் சார்." வலியில் துடிப்பவரும் தலையாட்டிவிடுகிறார். ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி பார்த்துக்கொள்வார், வேலையும் போகாது என்று வரும் வழியிலேயே சொல்லியிருப்பார்கள். மருத்துவர் கேட்டதை அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறார். அந்த ஒரு வரி பின்னாளில் பல லட்சம் ரூபாயைத் தட்டிப் பறித்துவிடும்.

கோவை ஃபவுண்டரிகளிலும் அம்பத்தூர் பவர் பிரஸ் பட்டறைகளிலும் திருப்பூர் சாயப்பட்டறைகளிலும் விரலையோ கையையோ இழந்தவர்களுக்குப் பணம் வராமல் போவதற்குச் சட்டம் இல்லாதது காரணமல்ல. இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இல் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. வேலை செய்யும்போது, வேலையின் காரணமாக அடிபட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். அவர் தவறு செய்தார் என்று தொழிலாளி நிரூபிக்கத் தேவையில்லை. கவனக்குறைவாக இருந்தது தொழிலாளிதான் என்றாலும் பணம் உண்டு. குடிபோதையில் இருந்தது, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றியது போன்ற சில விலக்குகள் உள்ளன. ஆனால், உயிரே போய்விட்டால், அல்லது நிரந்தரமான முழு முடக்கம் ஏற்பட்டால், அந்த விலக்குகளும் செல்லாது.

இதைக் கருணைத் தொகை என்று நினைப்பதுதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர். "முதலாளி நல்லவர், ஐம்பதாயிரம் கொடுத்தார்" என்று நன்றியோடு சொல்பவர்களுக்கு, சட்டப்படி வர வேண்டியது எவ்வளவு என்று யாரும் கணக்குப் போட்டுக் காட்டியதில்லை. அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம்.

கணக்கு

பவர் பிரஸ்ஸில் வேலை செய்யும் ஒருவருக்கு வயது 30, மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டை இறங்கும்போது கை சிக்கி இரண்டு விரல்கள் போய்விடுகின்றன. சம்பளத்தில் 60 சதவீதம் 9,000. சட்டத்தின் அட்டவணையில் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு பெருக்கல் எண் இருக்கிறது. 30 வயதுக்கு 207.98. பெருக்கினால் 18,71,820 ரூபாய் வரும். இது முழுமையான நிரந்தர முடக்கத்துக்கான தொகை. ஒரு கையில் இரண்டு விரல்கள் போனால் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீத இழப்பு என்கிறது அட்டவணை. அப்படியானால் அவருக்கு வர வேண்டியது 3,74,364 ரூபாய். கட்டைவிரல் போயிருந்தால் 30 சதவீதம். ஒரு கையின் நான்கு விரல்களும் போயிருந்தால் 50 சதவீதம்.

வயது ஏற ஏற அந்த எண் குறையும். 40 வயதில் 184.17, 50 வயதில் 153.09. இனி உழைத்துச் சம்பாதிக்கக்கூடிய ஆண்டுகள் குறைவு என்பதே காரணம். இறந்துவிட்டால் 60-க்குப் பதில் 50 சதவீதத்தைப் பெருக்க வேண்டும். இதே 30 வயதுக்காரர் இறந்திருந்தால் குடும்பத்துக்கு 15,59,850 ரூபாய். மருத்துவச் செலவு இந்தக் கணக்கில் சேராது. காயத்துக்கான சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவை முதலாளி தனியாகத் திருப்பித் தர வேண்டும். மருந்துச் சீட்டு, ஸ்கேன் ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் கம்பெனி ஆள் கையில் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் நகல் எடுத்துக்கொண்டு கொடுங்கள்.

இந்தப் பெருக்கலில் வயதை யாரும் மாற்ற முடியாது. சம்பளத்தை மாற்றலாம். பதினைந்தாயிரம் வாங்குபவருக்குப் பதிவேட்டில் ஒன்பதாயிரம் என்று எழுதியிருந்தால், அந்த 3,74,364 ரூபாய் 2,24,618 ஆகச் சுருங்கிவிடும். வாராவாரம் சனிக்கிழமை கவரில் பணம் வாங்குபவரிடம் எந்தச் சான்றும் இருக்காது. அப்படிப்பட்ட வழக்குகளில் குறைந்தபட்சக் கூலியை வைத்துக் கணக்கிட்டுவிடுவதுண்டு. வங்கிக் கணக்கிலோ ஜிபேயிலோ சம்பளம் வாங்குவது இந்த இடத்தில்தான் கைகொடுக்கும். பக்கத்து மெஷினில் நின்றவரின் சாட்சியமும் உதவும். அவர் வேலையை இழக்கும் பயமில்லாமல் வந்து சொல்வாரா என்பது வேறு கேள்வி.

சம்பளத்துக்குச் சட்டமே ஓர் உச்சவரம்பும் வைத்திருக்கிறது. 2010-இலிருந்து 8,000 ரூபாயாக இருந்த அது, 2020 ஜனவரி 3 முதல் 15,000 ஆனது. மாதம் முப்பதாயிரம் வாங்கும் வெல்டருக்கும் 15,000 என்று வைத்துத்தான் பெருக்க வேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படும் ஒரு வரம்பு, ஒரு மனிதனின் மீதி வாழ்நாளுக்கான தொகையைப் பாதியாக வெட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. விலைவாசிப் புள்ளியோடு அகவிலைப்படி ஏறுவதுபோல இந்த வரம்பும் தானாக ஏற வேண்டும். அதற்கு அரசின் ஓர் அறிவிக்கை போதும்.

மருத்துவரின் சதவீதமும் தச்சரின் கையும்

சதவீதத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. மருத்துவர் ஊனச் சான்றில் என்ன எழுதுகிறாரோ அதுவே முடிவு என்று நினைக்கிறார்கள். சட்டம் கேட்பது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்பதை. உடலில் எவ்வளவு குறை என்பது அதிலிருந்து வேறுபட்ட ஒன்று.

1968-இல் ஒரு சினிமா கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் கீழே விழுந்தார். அவருடைய இடது கையை முழங்கைக்கு மேல் எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கைதானே போயிற்று, இது பகுதி ஊனம்தான் என்று வாதிட்டார் முதலாளி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இந்தத் தச்சருக்கு இது முழு முடக்கம் என்று 1975 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் ஆணையர் தொகையை நிர்ணயித்த பிறகுதானே நான் கொடுக்க வேண்டும், அதற்கு முன் எப்படித் தாமதம் ஆகும் என்றும் முதலாளி கேட்டிருந்தார். விபத்து நடந்த அன்றே பணம் கொடுக்கும் பொறுப்பு பிறந்துவிட்டது என்பது நீதிபதிகளின் பதில். அபராதமும் வட்டியும் உறுதியாயின. அரை நூற்றாண்டு கழித்தும் இழப்பீட்டு வழக்குகளில் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு இது. லாரி ஓட்டுநருக்குக் கால் மடங்காமல் போனாலோ, தையல்காரருக்கு ஆள்காட்டி விரல் உணர்விழந்தாலோ, சான்றிலுள்ள சிறிய எண்ணோடு நின்றுவிடாமல், அந்த வேலையை இனிச் செய்ய முடியுமா என்ற கேள்வியை எழுப்ப வேண்டும்.

ஒரு மாதத்துக்குள் பணம் தராத முதலாளிக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று 1923 சட்டம் வைத்திருந்தது. காரணமில்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதி வரை அபராதமும் விதிக்கலாம்.

இ.எஸ்.ஐ. இருந்தால்

இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இந்தத் திட்டத்துக்குள் வருவார்கள். 2019 ஜூலையிலிருந்து முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்டுகிறார்கள். பதினைந்தாயிரம் சம்பளத்துக்கு முதலாளிக்கு ஆகும் செலவு மாதம் 488 ரூபாய். இதற்குக் கிடைப்பது பெரிது: வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 90 சதவீதம், மருத்துவம் முழுக்க அவர்கள் பொறுப்பு. நிரந்தர ஊனம் என்றால் ஆயுள் முழுதும் மாதாமாதம் பணம் வரும். நாம் பார்த்த பவர் பிரஸ் தொழிலாளிக்கு 20 சதவீத இழப்பு என்று இ.எஸ்.ஐ. மருத்துவக் குழுவும் சொன்னால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 90 ரூபாய், மாதம் 2,700. கேட்கச் சிறிதாக இருக்கும். முப்பது வயதிலிருந்து எழுபது வயது வரை வரும் என்று நினைத்துப் பாருங்கள். இழப்பீட்டுச் சட்டத்தில் தற்காலிக முடக்கத்துக்கு மாதத்துக்குப் பாதிச் சம்பளம்தான், அதுவும் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள்.

வேலையில் அடிபட்டவருக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இ.எஸ்.ஐ.யில் கிடையாது. சேர்ந்த முதல் நாளே விரல் போனாலும் உரிமை உண்டு. முப்பது பேர் வேலை செய்யும் பட்டறையில் பன்னிரண்டு பேரை மட்டும் கணக்கில் காட்டி, விபத்து நடந்த பிறகு அவசரமாக எண் வாங்கப் பார்ப்பவர்கள், மாதம் ஐந்நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் பல லட்சத்துக்குத் தாங்களே பொறுப்பாகிறார்கள். சிறு முதலாளிகளின் நெருக்கடி எனக்குத் தெரியும். ஆர்டர் கொடுக்கும் பெரிய கம்பெனி விலையை நசுக்குகிறது, மின்கட்டணம் ஏறுகிறது. அந்த நெருக்கடியைத் தொழிலாளியின் விரல்மீது ஏற்றுவது எந்த நியாயத்திலும் அடங்காது.

சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு ஆலை வெடித்தால் அதன்பின் நடப்பதைச் செய்திகளில் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். பிணவறை வாசலில் உறவினர்கள் உடலை வாங்க மறுப்பார்கள். பேச்சுவார்த்தை நடக்கும். ஆலைத் தரப்பு ஒரு காசோலையும் ஈமச்சடங்குச் செலவும் கொடுக்கும். ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். இழப்பீட்டுச் சட்டத்தில் இதற்குத் தெளிவான பதில் உண்டு. இறப்புக்கான இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்தில் இந்த வேலை நடக்கிறது. குடும்பத்தின் கையில் நேரே கொடுத்த பணம், மூன்று மாதச் சம்பளம் வரையிலான முன்பணம் தவிர, இழப்பீடாகக் கணக்கில் சேராது. 'இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்' என்று எழுதி வாங்கிய பத்திரமும் செல்லாது. முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து வருவது வேறு, இது வேறு. அதை வாங்கியதால் இது குறையாது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எவ்வளவு என்று ஆணையரே பிரித்து, சிறுவர்களின் பங்கை வைப்புநிதியில் போட்டு வைப்பார். கணவரை இழந்த பெண்ணின் கையிலிருந்து அந்தப் பணத்தை உறவினர்கள் பிடுங்கிவிடாமல் இருக்கவும் இது ஒரு காவல்.

கட்டடத்திலிருந்து விழுந்தவரிடம் "நீ மேஸ்திரி ஆளு, எங்க ஆளு இல்ல" என்று கம்பெனி சொல்லும். ஒப்பந்தக்காரர் கொண்டுவந்த ஆளாக இருந்தாலும், அந்தத் தொழில் யாருடையதோ, அந்த முதன்மை முதலாளியிடமே இழப்பீடு கேட்கலாம். பின்னர் அவர் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்வது அவர்களுக்குள் உள்ள விவகாரம்.

2025 நவம்பர் 21 முதல் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தையும் இ.எஸ்.ஐ. சட்டத்தின் இடத்தையும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறது. 50, 60 சதவீதம், வயதுக்கேற்ற பெருக்கல் எண் என்ற கணக்கு அப்படியே தொடர்கிறது. படி, அலவன்ஸ் என்று பிரித்துச் சம்பளத்தைச் சிறிதாகக் காட்டும் பழக்கத்துக்கு ஒரு கட்டுப்பாடு வந்திருக்கிறது: அப்படிக் கழிப்பவை மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் சம்பளத்தில் சேரும். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், வேலை விபத்தாகவே கொள்ளப்படும். இந்தத் திசையில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பு வழங்கியது. அதிகாலை ஷிப்டுக்கு ஸ்கூட்டியில் போகும் பெண்களுக்கு இது பெரிய விஷயம்.

மருத்துவமனையில் பொய்யாக எழுதிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதா என்று கேட்பவர்களுக்கு: முடியவில்லை, ஆனால் வழி கடினமாகிவிடும். அடிபட்ட நேரத்தில் உடனிருந்தவர்களின் வாக்குமூலம், அன்றைய வருகைப் பதிவு, கம்பெனி வண்டியில் கொண்டுவந்த விவரம், சூப்பர்வைசரின் வாட்ஸ்அப் செய்தி என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். முதலில் செய்ய வேண்டியது, விபத்து நடந்த விதத்தை முதலாளிக்குப் பதிவுத் தபாலில் எழுதி அனுப்புவது. பழைய சட்டத்தின்படி விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் அதன் பிறகும் ஆணையர் ஏற்கலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று பலர் அலுவலக வாசல் வரை வந்து திரும்பிவிடுகிறார்கள். வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசி வழக்கெடுப்பதை வழக்கறிஞர்களுக்கான நடத்தை விதிகள் தடுக்கின்றன. பதிவுபெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகி தொழிலாளிக்காக ஆணையர் முன் நேரில் வாதாடலாம். தொழிலாளிகளுக்கு இலவச சட்ட உதவி பெறும் தகுதி 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்திலேயே இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள்.

விரல் போன பிறகு வேலையும் போய், வாடகை கொடுக்க முடியாமல் ஊர் திரும்பிவிட்டவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். விபத்து நடந்த ஊரில்தான் மனுப் போட வேண்டும் என்பதில்லை. தொழிலாளியோ அவர் குடும்பமோ வசிக்கும் பகுதிக்குரிய ஆணையரிடமே போடலாம். திருப்பூரில் கை போன ராமநாதபுரத்துக்காரர் மதுரைப் பக்கத்திலிருந்தே வழக்கை நடத்தலாம். ஒடிசாவிலிருந்து வந்து இங்கே உயிரைவிட்ட பையனின் அம்மா, தன் மாவட்டத்திலிருந்தே கேட்கலாம்.