காட்டை வாழவைக்கும் சின்ன ஆறு

உங்கள் தோட்டத்து ஓடை நினைவிருக்கிறதா? அம்மா துணி துவைத்த ஓடை; பள்ளி விட்டு வந்து பிள்ளைகள் தூண்டில் போட்ட ஓடை. பல இடங்களில் அது இன்று மழை பெய்தால் செம்மண் குழம்பாக ஓடுகிறது. நாலு நாள் வெயில் அடித்தால் வறண்டு கிடக்கிறது.

ஆனால் அப்படிக் கெட்டுப்போகாத ஒரு சின்ன ஆறு நம் நாட்டிலேயே இருக்கிறது. பகாங் மாநிலத்தில், தாமான் நெகாரா காட்டுக்குள் ஓடும் தாஹான் ஆறுதான் அது.

எங்கே பிறக்கிறது?

தீபகற்ப மலேசியாவின் மிக உயரமான மலை தாஹான் மலை. அதன் உயரம் 2,187 மீட்டர். அந்த மலைப் பகுதியில் பிறக்கும் இந்த ஆறு, காட்டுக்குள் வளைந்து நெளிந்து வந்து, கோலா தாஹான் என்ற இடத்தில் தெம்பெலிங் ஆற்றோடு கலக்கிறது. தெம்பெலிங்கும் ஜெலாய் ஆறும் சேர்ந்தால் பகாங் ஆறு. தீபகற்பத்தின் மிக நீளமான அந்த ஆறு தெமெர்லோ வழியாகப் பெக்கான் வரை சென்று கடலில் சேர்கிறது. தெமெர்லோவில் ஆற்றைப் பார்த்து நிற்பவர், அதில் ஒரு பங்கு தாஹான் காட்டுத் தண்ணீர் என்று அறிவாரா?

இரண்டு ஆறுகளும் கூடும் இடத்தில் நின்று பாருங்கள். தெம்பெலிங் பழுப்பு நிறமாகக் கலங்கி வரும். தாஹானில் கொஞ்ச தூரம் படகில் போனால் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். இலைகள் ஊறிய சாறு இறங்குவதால், லாதா பெர்கோ என்ற பாறை அருவிப் பக்கம் தண்ணீர் பால் ஊற்றாத தேநீர் போல இருக்கும். அது அழுக்கில்லை; காட்டின் சாயம்.

தண்ணீரைச் சேமிப்பது யார்?

மழை எல்லா இடத்திலும்தான் பெய்கிறது. இந்த ஆறு மட்டும் ஏன் தெளிவாக ஓடுகிறது? விடை மரங்களில் இருக்கிறது. காட்டில் விழும் மழை முதலில் உயர்ந்த மரங்களின் இலையில் தட்டுகிறது. பிறகு சிறு மரங்களில் சொட்டுகிறது. கடைசியில் சருகு மெத்தையில் இறங்கி, மண்ணுக்குள் ஊறி, மெல்ல மெல்லக் கசிந்து ஆற்றுக்கு வருகிறது. அதனால்தான் மழையில்லாத நாளிலும் ஆறு ஓடுகிறது.

இது தோட்ட மக்களுக்குப் புதிய பாடமில்லை. மறுநடவு செய்த மேட்டில் மண் அரிக்காமல் இருக்கக் கொடிப்பயிரைப் படர விடுவார்களே, அதே கதைதான். அங்கே நாம் நட்டு வளர்க்கிறோம். இங்கே காடு தானே செய்துகொள்கிறது.

நேராம் மரமும் கெலா மீனும்

தாஹானின் இரு கரையிலும் நேராம் மரங்கள் ஆற்றின் மேல் சாய்ந்து நிற்கின்றன. கிளைகளில் ஆர்க்கிட் பூச்செடிகளும் பெரணிகளும் தொற்றி வளர்கின்றன. படகில் போனால் பச்சைப் பந்தலுக்குள் போவது போலிருக்கும். வெள்ளம் வந்தாலும் கரை இடியாமல் பிடித்து நிற்பது இந்த மரங்களின் வேர்தான்.

கரை மரங்களிலிருந்து காயும் பழமும் தண்ணீரில் விழும். கீழே காத்திருப்பது கெலா மீன். பொன்னும் செம்பும் கலந்தாற்போலப் பெரிய செதில்கள் கொண்ட மீன் இது. பாறைமேல் வேகமாக ஓடும் சுத்தமான தண்ணீரில்தான் வாழும், சேற்றில் வாழாது. ருசியான மீன் என்பதால் வெளியே பல ஆறுகளில் அரிதாகிவிட்டது. தாஹான் ஆற்றில் லூபோக் தெனோர் என்ற மடுவில் அதற்குக் காப்பிடமே இருக்கிறது. அங்கே தூண்டில் போடத் தடை.

மீன் இருந்தால் நீர்நாய் வரும், மீன்கொத்தி வரும், மீன் பிடிக்கும் கழுகும் வரும். கரைக்கு மான் வரும். முன்னும் பின்னும் கறுப்பாகவும் நடுவில் வெள்ளையாகவும் இருக்கும் தாப்பிர் இரவில் வரும். யானையும் வரும். யானை தின்ற பழத்தின் விதை சாணத்தோடு வேறிடத்தில் விழுந்து முளைக்கிறது. அது நாளை மரமாகி மழையைத் தாங்குகிறது. ஆற்றைக் காடு வளர்க்க, காட்டை ஆறு வளர்க்கிறது.

மானும் பன்றியும் இருக்கும் இடத்தில்தான் புலி வாழ முடியும். 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பில், மலேசியக் காடுகளில் 150க்கும் குறைவான புலிகளே இருப்பதாகத் தெரியவந்தது. நம் நாட்டுச் சின்னத்தில் நிற்கும் புலியின் நிலை இது!

ஒரு துரை செய்த நல்ல காரியம்

இந்தக் காடு தானாகத் தப்பவில்லை. தியோடர் ஹப்பேக் என்ற ரப்பர் தோட்டத் துரை, முன்னாளில் பெரிய வேட்டைக்காரர். பிறகு மனம் மாறி, விலங்குகளுக்காகப் பல ஆண்டுகள் வாதாடினார். 1925இல் தாஹான் மலைப் பகுதி வனவிலங்குக் காப்பகமாயிற்று. 1938, 1939ஆம் ஆண்டுகளில் பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநில நிலமும் சேர்ந்து தேசியப் பூங்கா உருவானது. முதலில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரைத் தாங்கியது. சுதந்திரத்துக்குப் பின் தாமான் நெகாரா ஆனது. பரப்பளவு 4,343 சதுர கிலோமீட்டர். பாத்தேக் பூர்வகுடி மக்கள் இன்றும் இந்தக் காட்டை நம்பி வாழ்கிறார்கள்.

நம் ஓடை என்ன ஆயிற்று?

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். என் சிறுவயதில் எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு ஓடை இருந்தது. தீபாவளி சமயத்தில் தூபா வேரை நசுக்கித் தண்ணீரில் விட்டோம். பெரிய மீனோடு குஞ்சு மீன்களும் வெள்ளையாக மிதந்தன. கூடை நிறைந்த மகிழ்ச்சியில் சிரித்தோம். புல்லுக்கு அடித்த மருந்து டின்னை அங்கேயே கழுவினோம். கரையில் நின்ற மரங்களை விறகுக்கு வெட்டினோம். சில வருடத்தில் மீனும் இல்லை, குளிக்கத் தண்ணீரும் இல்லை. யாரைக் குறை சொல்வது? அதில் எங்கள் கையும் இருந்தது.

தாஹானைப் பார்த்த அன்று அந்த ஓடைதான் மனதில் வந்தது.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஒருமுறை கோலா தாஹானுக்குக் கூட்டிப் போங்கள். ஆண்டு இறுதி மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். 2014 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே சுற்றுப்பயணிகள் சிக்கித் தவித்தார்கள். ஜெராண்டுட் வரை போய்விட்டால், அங்கிருந்து சாலை வசதி உண்டு.

திரும்பி வந்ததும் உங்கள் ஊர் ஓடையைப் போய்ப் பாருங்கள். மருந்து டின்னை அதில் கழுவாதீர்கள். குப்பையைக் கொட்டாதீர்கள். கரையில் நிற்கும் மரத்தை வெட்டாமல் விடுங்கள். காலியாகக் கிடக்கும் கரையில் பிள்ளைகள் கையால் ஒரு கன்றை நட்டு வையுங்கள். நிழல் விழுந்தால் மீன் வரும். மீன் வந்தால் மீன்கொத்தியும் தேடி வரும்.