குழந்தையின்மை: நுண்துளைப் பரிசோதனை யாருக்குத் தேவை?

கருத்தடை ஏதுமின்றி ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லையெனில், கணவன், மனைவி இருவரும் மருத்துவரை அணுக வேண்டும். பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே வருவது நல்லது. இருவரும் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நாரணாபுரம், சிவகாசிப் பகுதிகளிலிருந்து பெரும்பாலும் மாமியார் மருமகளை மட்டுமே அழைத்து வருகிறார். மகன் வேலைக்குப் போயிருப்பார். குழந்தையின்மையில் ஏறக்குறையப் பாதித் தம்பதியரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு ஊசியும் வேண்டாம், மயக்கமும் வேண்டாம். அதைச் செய்யாமல் பெண்ணின் வயிற்றில் துளையிடுவது முறையன்று.

இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே ஆகியவற்றிலேயே பலருக்கு விடை கிடைத்துவிடும். எக்ஸ்ரேயில் குழாய் அடைப்பு தெரிந்தாலோ, மாதவிடாயின்போது கடும் வலி இருந்தாலோ, முன்பு வயிற்றில் அறுவை சிகிச்சையோ தொற்றோ ஏற்பட்டிருந்தாலோதான் லேப்ராஸ்கோப்பி பற்றிப் பேசுவோம்.

முழு மயக்கத்தில், தொப்புள் அருகே ஒரு சென்டிமீட்டர் அளவிலோ அதனினும் சிறிதாகவோ துளையிட்டு, கரியமில வாயுவால் வயிற்றை விரித்து, கேமரா பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்துவோம். கருப்பை வாய்வழியே நீலச் சாயம் செலுத்தும்போது அது இரு கருக்குழாய்களின் முனையிலும் வழிகிறதா என்பதை நேரில் காணலாம். எண்டோமெட்ரியோசிஸ் புள்ளிகளும், உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதும் ஸ்கேனில் பலமுறை தப்பிவிடும், இதில் தெரியும். (1978-இல் இங்கிலாந்தில் பிறந்த உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தைக்கான கருமுட்டை எடுக்கப்பட்டதும் இக்கருவியின் துணையால்தான்.)

ஹிஸ்டரோஸ்கோப்பிக்குத் துளையே இல்லை. பிறப்புறுப்பு வழியே கருப்பையினுள் நோக்கி, சதை வளர்ச்சி, நடுச்சுவர், தழும்பு ஆகியவற்றை அறியலாம். அப்போதே உட்சவ்வில் சிறிது எடுத்துக் காசநோய்க்குச் சோதிக்க முடியும். நம் நாட்டில் இது முக்கியம். இருமலோ சளியோ இல்லாமலேயே காசநோய் கருக்குழாயையும் கருப்பையையும் பாதிக்கும். மருந்தால் கிருமியை ஒழிக்கலாம். ஆனால் முற்றிலும் சிதைந்த குழாய் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே காலம் தாழ்த்தலாகாது.

மாதவிடாய் நின்றவுடன் வரும் சில நாட்களே இவற்றுக்கு ஏற்றவை. ஒட்டுதலோ சதையோ தெரிந்தால் அதே மயக்கத்தில் சரிசெய்யலாமா என்பதை முன்கூட்டியே கேட்டறிந்த பின்னரே ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுங்கள். குடல், இரத்தக்குழாய் காயம் அரிது. எனினும் இல்லையென்று சொல்வதற்கில்லை. முந்தைய அறுவை சிகிச்சைகளை மறைக்காதீர்கள்.

பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். வாயுவால் இரண்டு நாட்கள் தோள் வலிக்கும், சிறுநீர் நீலப்பச்சையாகப் போகக்கூடும், அஞ்ச வேண்டாம். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, மிகுந்த இரத்தப்போக்கு இருந்தால் உடனே வாருங்கள். தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குச் செல்வோர் ஒரு வாரமாவது விடுப்புக் கேட்டு வைப்பது நலம். அதன் பின்னும் சில நாட்கள் பாரம் தூக்கக்கூடாது. அறுவை அறிக்கையையும் படங்களையும் பத்திரப்படுத்துங்கள். வேறு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால், அவற்றைக் காட்டினாலே மறுபடியும் துளையிடுவதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.