உடம்பும் ஊரும் – 9: தார்ப்பாய் ஓரத்துத் தூக்கம்

குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் டெல்டாவில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வந்து சேரும். புரட்டாசி, ஐப்பசி ராத்திரிகளில் ஒரத்தநாடு, மன்னார்குடிப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள்: நேரடி நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் குவிந்து கிடக்கும். பக்கத்திலேயே சாக்கை விரித்து, தலைமாட்டில் டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு ஆட்கள் படுத்திருப்பார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். அரசு தளர்த்தினால்தான் உண்டு. அதனால் பகலெல்லாம் நெல்லைக் கிளறிக் காயவைத்து, பொழுது சாயக் குவித்து மூடி, ராத்திரி வானத்தையும் மாட்டையும் பார்த்துக் கிடக்க வேண்டும். நாலு தூறல் விழுந்தால் போதும், தூக்கத்தை உதறிவிட்டுத் தார்ப்பாய் ஓரத்தில் கல் வைக்க ஓட வேண்டும். “எடை போட்டப்புறம்தான் தம்பி தூக்கமெல்லாம்” என்பார்கள், கேட்டால்.

இவர்களிடம் போய் “தினமும் 7 மணி நேரம் தூங்குங்கள்” என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனாலும் அந்த 7 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

அமெரிக்கத் தூக்க மருத்துவ வல்லுநர்கள் 2015இல் கூடிப் பேசி, பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும் என்றார்கள். அதற்கு முன்பே, 2002இல், ஆய்வாளர் டேனியல் கிரிப்கே 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கை எடுத்துப் பார்த்திருந்தார். 7 மணி நேரம் தூங்குவதாகச் சொன்னவர்களிடம்தான் சாவு மிகக் குறைவு. 8 மணி நேரமும் அதற்கு மேலும் தூங்கியவர்களிடம் அது கூடியிருந்தது. அதிகம் தூங்கியதால் செத்தார்கள் என்று இதற்கு அர்த்தம் செய்ய வேண்டாம். உடம்பில் ஏற்கெனவே நோய் இருப்பவர் கூடுதலாகப் படுத்துக் கிடந்திருக்கலாம். 2022இல் பிரிட்டனில் சுமார் 5 லட்சம் பேரின் விவரங்களை ஆராய்ந்தபோதும், நடுவயதிலும் முதுமையிலும் நினைவாற்றலுக்கும் மனநலத்துக்கும் 7 மணி நேரமே பொருந்தி வந்தது. வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

“எனக்கு 5, 6 மணி நேரமே பழகிடுச்சு” என்பவர்கள் நம்மில் நிறைய. பழகுவது உடம்பல்ல, நினைப்புதான். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் 2003இல் வெளியான ஆய்வில், 2 வாரம் தொடர்ந்து ராத்திரிக்கு 6 மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டார்கள். கவனம் தடுமாறியது, ஒரு ராத்திரி முழுக்கக் கண்விழித்தவர் அளவுக்கு. கேட்டால், அவ்வளவாகத் தூக்கம் வரவில்லை என்றுதான் சொன்னார்கள். 1999இல் சிகாகோவில் 11 வாலிபர்களை 6 ராத்திரி 4 மணி நேரம் மட்டும் தூங்கவைத்தபோது, சர்க்கரையைச் சமாளிக்கும் உடம்பின் திறன் இறங்கிப்போனது. வீட்டுக்கு வீடு சர்க்கரை மாத்திரை இருக்கும் நம் ஊருக்கு இது சின்ன விஷயமில்லை.

இனி நமக்கு நெருக்கமான ஒன்று. சென்னையில், டேட்டா என்ட்ரி வேலை செய்த 452 பேரிடம் பொருளாதார நிபுணர்கள் நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. கையில் கட்டிய கருவி காட்டியது: படுக்கையில் கிடந்தது 8 மணி நேரம், தூங்கியது ஐந்தரை. புழுக்கமும் கொசுவும் சத்தமுமாக, தூக்கம் துண்டு துண்டாகியிருந்தது. மெத்தை, மின்விசிறி, கண்மறைப்பு, காதடைப்பான் எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட அரை மணி நேரம் தூக்கம் கூடியது. வேலையிலோ உடல்நலத்திலோ சொல்லும்படி முன்னேற்றம் இல்லை! ஆனால் வேலையிடத்திலேயே மதியம் அரை மணி நேரம் படுக்கவிட்டவர்களுக்கு வேலை சுத்தமானது, கவனம் கூடியது, மனசும் தெளிந்தது. ஒரு குறை: அந்த அரை மணியும் உட்கார்ந்து வேலை பார்த்திருந்தால் கிடைக்கும் கூலியை அது ஈடுகட்டவில்லை.

கிழிந்த தூக்கத்தோடு அரை மணி ஒட்டுப் போட்டுப் பயனில்லை என்றே நான் இதைப் படிக்கிறேன். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் ராத்திரியின் முதல் பகுதியில்தான் வருகிறது. வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும் நேரம், மும்முனை மின்சாரம் வரும் நேரம், தார்ப்பாயைக் காற்று தூக்கும் நேரம் எல்லாம் அதற்குள் புகுந்தால், காலையில் கணக்குப் பார்த்து 6 மணி நேரம் தேறினாலும் உடம்பு தேறாது. மோட்டாரை வீட்டிலிருந்தே செல்போனில் போடும் கருவி இப்போது வந்துவிட்டது. இருட்டில் வரப்பில் பாம்பை மிதிக்காமல் இருப்பதோடு, தூக்கமும் மிஞ்சுகிறது.

மதியத் தூக்கம் ஆகாது என்பார்களே? தேரையர் பேரில் வழங்கும் நோய் அணுகா விதியும் பகலில் தூங்காதே என்கிறது. ராத்திரி ஒழுங்காகத் தூங்கினவருக்கு அது சரியான புத்திமதி. ராத்திரி முழுக்க மடை பார்த்தவருக்கு? உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு. வேப்பமரத்தடியில் துண்டை விரித்து அரை மணி கண்ணயர்கிறவரைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது. அதற்கு மேல் நீட்டினால் எழும்போது தலை கனக்கும், ராத்திரித் தூக்கமும் தள்ளிப்போகும். இந்த அரை மணிகூட நடவுக்குப் போகும் பெண்களுக்குக் கிடையாது. விடியற்காலை 4 மணிக்கு எழுந்து உலை வைத்து, தூக்குவாளியில் சோற்றை அடைத்துக்கொண்டு வயலுக்குப் போகிறவர்கள், மாலை திரும்பியதும் மறுபடி அடுப்படிக்குத்தான் போகிறார்கள். படுக்க 10, 11 மணி ஆகிவிடும். தூக்கத்தைப் பற்றிப் பேசும் ஆண்கள் அந்த அடுப்படிப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம்.

காபியும் தூக்கத்தைக் கெடுக்கும்: சாயங்காலம் 5 மணிக்குக் குடிக்கும் காபியிலுள்ள கஃபீனில் பாதி, ராத்திரி 10 மணிக்கும் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும். கும்பகோணம் காபிக்காரர்கள் கோபித்தாலும் சொல்லத்தான் வேண்டும்: கடைசி டம்ளரை மதியத்தோடு நிறுத்துங்கள். குறட்டை பலமாக இருந்து, இடையிடையே மூச்சு நின்று திணறி எழுபவர்கள் மணிக்கணக்கை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள்; அதைப் பற்றி அடுத்த வாரம்.

கொள்முதல் நிலையத்துக்கு நெல் வந்தால் அன்றன்றே எடை போட்டு அனுப்ப வழி செய்யுங்கள், கூரையுள்ள களம் கட்டிக் கொடுங்கள் என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதை நெல் சம்பந்தப்பட்ட கோரிக்கையாக மட்டும் அரசு பார்க்க வேண்டாம். சுகாதாரத் துறையும் சேர்ந்து படிக்க வேண்டிய மனு அது.