நாடி பார்க்காதீர்கள், நெஞ்சை அழுத்துங்கள்!

நாடி பிடித்துப் பிழைக்கிற சித்த வைத்தியனே 'நாடி பார்க்காதீர்கள்' என்று சொன்னால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். காரணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

2004-ஆம் வருஷம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்யாண வீடு. இரண்டாவது பந்தியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தாய்மாமா அப்படியே சரிந்து விழுந்தார். ஐம்பது வயதுகூட இருக்காது. "தண்ணி தெளிங்க", "சோடா கொண்டாங்க" என்று ஆளாளுக்குச் சத்தம். யாரோ என் கையைப் பிடித்து இழுத்து, "ஐயா, நாடி பாருங்க" என்றார்கள்.

மணிக்கட்டில் விரல் வைத்தேன். துடிப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. கை மாற்றிப் பார்த்தேன். கழுத்தில் பார்த்தேன். அவரோ இடையிடையே வாயைத் திறந்து இழுத்து இழுத்து மூச்சு விட்டார். "உசிரு இருக்கு" என்று வேனில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி வாசலில் அவர் உயிரோடு இல்லை.

அந்தப் பதற்றத்தில் என் விரலில் தெரிந்தது அவர் நாடியா, என் நாடியா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். அந்த இழுப்பு மூச்சும் உண்மையான மூச்சு அல்ல. இதயம் நின்ற பிறகும் சில நிமிஷம் அப்படி வரும். அதன் பிறகுதான் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய், பொம்மையின் நெஞ்சில் அழுத்திப் பழகினேன். அதற்கு ஆனது ஒரே ஒரு பகல்!

நிமிஷக் கணக்கு

இதயம் நின்றால் மூளைக்கு ரத்தம் போகாது. நாலைந்து நிமிஷத்தில் மூளை கெட ஆரம்பிக்கும். நெஞ்சை அழுத்தாமல் கழிகிற ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைத் தின்றுவிடும். 108 எவ்வளவு வேகமாக வந்தாலும் அதுவரை பக்கத்தில் இருப்பவர் நீங்கள்தானே?

"நாம என்ன டாக்டரா?" என்று தயங்க வேண்டாம். 1960-ல் இந்த முறையை உலகுக்குச் சொன்ன மூன்று பேரில் ஒருவரான அமெரிக்காவின் கூவன்ஹோவனே டாக்டர் அல்ல, மின்பொறியாளர்!

செய்ய வேண்டியது

1. தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சு இல்லை அல்லது இழுப்பு மூச்சு என்றால் நாடி தேடாதீர்கள். ஒருவரை 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். தனியாக இருந்தால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுங்கள்.

2. கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கட்டில், மெத்தை உதவாது.

3. மார்பின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையை வையுங்கள். முழங்கை மடங்கக்கூடாது.

4. பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம் இறங்கும்படி, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுக்க மேலே எழும்ப விடுங்கள்.

5. இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். ஆம்புலன்ஸ்காரர் பொறுப்பேற்கும் வரை நிறுத்தாதீர்கள்.

வாயோடு வாய் வைத்து ஊதப் பழகாதவர்கள் அழுத்தினால் மட்டும் போதும். குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் ஊதுவதும் அவசியம். அதை வகுப்பில்தான் கற்க வேண்டும்.

"விலா எலும்பு ஒடிஞ்சிடாதா?" ஒடியலாம். ஒடிந்த எலும்பு கூடிவிடும். போன உயிர் வராது.

"வர்மத்தில் அடங்கல், இளக்குமுறை எல்லாம் இருக்கிறதே ஐயா?" இருக்கிறது, நானும் படித்தவன்தான். நின்ற இதயத்துக்கு அதை நம்பி ஒரு நிமிஷத்தையும் விடமாட்டேன்.

இவற்றை விட்டுவிடுங்கள்

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்து கொடுப்பது, வாயில் கரண்டி நுழைப்பது வேண்டாம். அடிபடாமல் பார்த்துக்கொண்டு, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தீக்காயத்தில் பேஸ்ட், இங்க், மாவு பூசாதீர்கள். 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

போலீஸ், கேஸ் என்றும் பயப்பட வேண்டாம். சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்கு 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது.

இதைப் படித்தால் மட்டும் போதாது. கை பழக வேண்டும். நல்லா இருக்கிற ஆள் மேல் அழுத்திப் பழகவும் கூடாது. பொம்மையில்தான் பழக வேண்டும். செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற அமைப்புகள் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. உங்கள் தெருக்காரர்கள், மகளிர் குழு, கோயில் கமிட்டி சேர்ந்து கேளுங்கள்.

அழுத்தினால் எல்லோரும் பிழைத்துவிடுவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்தப் பந்தியில் நூறு பேர் இருந்தோம். ஒருத்தருக்குத் தெரிந்திருந்தால்கூட, அந்த மனுஷனுக்கு ஒரு வாய்ப்பாவது கிடைத்திருக்கும்.

உங்கள் வீட்டில் அந்த ஒருத்தர் யார்? இன்றைக்கே முடிவு செய்யுங்கள்.