பத்தடி சுவரில் ஒரு சென்ட்ரல்!

கோவையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ ரயிலேறி சென்னை சென்ட்ரலுக்கு வந்திருக்கீங்களா? அப்படின்னா இந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். பெட்டியை இறக்கி, பையை முதுகில் மாட்டி, கதவுப் பக்கம் வந்து நின்னாச்சு. 'இதோ வந்துட்டேம்மா, அஞ்சே நிமிஷம்'னு போனும் போட்டாச்சு. பேசின் பிரிட்ஜ் பக்கத்துல வந்ததும்... டக்! வண்டி நின்னுடும். நூத்துக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த எக்ஸ்பிரஸ், கடைசி ரெண்டு கிலோமீட்டருக்கு ஏன் இப்படி முரண்டு பிடிக்குது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்சுக்க ஒரு ஜாலியான வழி இருக்கு. சென்ட்ரலை நீங்களே கட்டிப் பாருங்க! பொம்மை ரயில்னு சிரிக்காதீங்க. மாடல் ரயில்வே என்பது உலகம் முழுக்க பெரியவங்களே வயசு மறந்து மூழ்கிக் கிடக்கிற ஹாபி. தச்சு வேலை, எலெக்ட்ரானிக்ஸ், பெயின்டிங், கணக்கு எல்லாம் ஒரே பலகை மேல நடக்கும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவர்கள் 1946-ல் ஒரு மாடல் ரயில் கிளப் ஆரம்பிச்சாங்க. பலகைக்கு மேல குட்டி ரயில். பலகைக்குக் கீழே டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ரிலேக்களை வெச்சு அவங்களே உருவாக்கின கன்ட்ரோல் சிஸ்டம். அந்த வயரிங் வேலையில் புத்திசாலித்தனமா செய்த காரியத்துக்கு அவங்க வெச்ச பேர் 'ஹேக்'. அதே பசங்க பிறகு கம்ப்யூட்டர் பக்கம் போனாங்க, கூடவே 'ஹேக்கர்' என்ற வார்த்தையும் போச்சு!

எவ்வளவு சுருக்கலாம்?

முதல் கேள்வி, இடம். மாடல் ரயிலில் ரெண்டு அளவுகள் ரொம்பப் பிரபலம். ஒன்று ஹெச்.ஓ., அசலில் 87-ல் ஒரு பங்கு. இன்னொன்று ஆங்கில எழுத்து 'என்' பேரில் வரும் ஸ்கேல், 160-ல் ஒரு பங்கு.

இப்போ கணக்கைப் பாருங்க. இன்றைய எல்.ஹெச்.பி. பெட்டி ஒன்று கிட்டத்தட்ட 24 மீட்டர். 24 பெட்டியும் இன்ஜினும் சேர்ந்தால் சுமார் 600 மீட்டர். ஹெச்.ஓ.வில் இதுவே ஏறக்குறைய 7 மீட்டர் வரும். உங்க வீட்டு ஹாலைத் தாண்டி, பக்கத்து வீட்டு கிச்சனுக்குள்ளே போய் நிற்கும்! 'என்' ஸ்கேலிலும் பன்னிரண்டு அடியைத் தாண்டும். பேசின் பிரிட்ஜ் வரையிலான ரெண்டு கிலோமீட்டரை வைக்கணும்னா, 'என்' ஸ்கேலில்கூட பன்னிரண்டரை மீட்டர் வேணும்.

ஆக, அப்படியே சுருக்கினால் எடுபடாது. எதை விடுறது, எதை வெச்சுக்கிறதுன்னு முடிவு பண்ணணும். இந்த ஹாபியில் பாதி வேலை இதுதான். 24 பெட்டியை ஆறாக்குங்க. 'என்' ஸ்கேலில் ஆறு பெட்டியும் ஒரு இன்ஜினும் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பிளாட்ஃபாரத்துக்கு 1.2 மீட்டர், அதுக்கு முன்னாடி தண்டவாளங்கள் பிரியும் இடத்துக்கு 60 சென்டிமீட்டர், அதுக்கு அந்தப் பக்கம் மறைவான யார்டுக்கு 1.2 மீட்டர். மொத்தம் 3 மீட்டர். பத்தடி சுவரில் ஒன்றரை அடி அகல ஷெல்ஃப் அடிச்சால் போதும்!

சூட்சுமம் தொண்டையில்!

அடுத்து, எத்தனை பிளாட்ஃபாரம்? எல்லாருமே இங்கேதான் ஆசைப்படுவாங்க. 'அசல்ல வெளியூர் வண்டிக்கே ஒரு டஜன் இருக்கே, நாம எட்டாவது வைப்போமே'ன்னு தோணும். பொறுங்க. பிளாட்ஃபாரம் எத்தனை என்பதை விட, எல்லாத் தண்டவாளமும் ஒன்றுகூடும் அந்தக் குறுகலான இடம்தான் முக்கியம். ரயில்வேக்காரங்க பாஷையில் அதுக்குப் பேர் 'தொண்டை'. சென்ட்ரலுக்கும் பேசின் பிரிட்ஜுக்கும் நடுவே இருப்பது அதுதான்.

உள்ளே வரும் லைனிலிருந்து எந்த பிளாட்ஃபாரத்துக்கும் போக முடியணும். எந்த பிளாட்ஃபாரத்திலிருந்தும் வெளியே போகும் லைனைப் பிடிக்க முடியணும். இன்னொன்று, ஒரு வண்டி உள்ளே வரும்போதே வேறொன்று வெளியே போக வழி இருக்கணும். ஒரே தண்டவாளத்திலிருந்து ஏணிப்படி மாதிரி பாயின்ட்களை வரிசையா வெச்சால் போடுறது சுலபம்தான். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் நகரும். எட்டு பிளாட்ஃபாரம் வெச்சு என்ன புண்ணியம்?

இந்தச் சிக்கலை அழகா அவிழ்த்தவர் இங்கிலாந்தின் சிரில் ஃப்ரீசர். லண்டனில் இருக்கிற மாதிரி ஒரு கற்பனைப் புறநகர் டெர்மினல் வரைந்து, 'மைனரீஸ்'னு பேர் வெச்சு 1957-ல் வெளியிட்டார். மூணே மூணு பிளாட்ஃபாரம், விரல் விட்டு எண்ணிடக்கூடிய பாயின்ட்கள். மூணுக்கும் ரெண்டு லைனிலிருந்தும் வழி உண்டு. இன்றைக்கும் அதைப் பார்த்துக் கட்டுறவங்க இருக்காங்க. நீங்களும் நாலு பிளாட்ஃபாரத்தோடு நிறுத்திக்குங்க. மூணு எக்ஸ்பிரஸுக்கு, ஒண்ணு மின்சார ரயிலுக்கு.

மாட்டிக்கிட்ட இன்ஜின்

இப்போ பேசின் பிரிட்ஜ் கேள்விக்கு வருவோம். டெர்மினல்னா தண்டவாளம் அங்கேயே முடிஞ்சுடும். வந்த இன்ஜினுக்கு முன்னாடி பஃபர், பின்னாடி தான் இழுத்து வந்த பெட்டிகள். தப்பிக்க வழியில்லை! வேற இன்ஜின் ஒன்று வந்து, பின்பக்கம் கோத்து, காலிப் பெட்டிகளை யார்டுக்கு இழுத்துட்டுப் போனால்தான் இதுக்கு விடுதலை.

எண்ணிப் பாருங்க. வண்டி உள்ளே வருவது ஒன்று. காலிப் பெட்டிகள் வெளியே போவது ரெண்டு. மாட்டிக்கிட்ட இன்ஜின் வெளியே போவது மூணு. கழுவிச் சுத்தமான பெட்டிகள் திரும்ப உள்ளே வருவது நாலு. பயணிகளோடு புறப்படுவது அஞ்சு. பயணிகள் கண்ணுக்கு ஒரு வரவு, ஒரு புறப்பாடு. தொண்டைக்கோ குறைஞ்சது அஞ்சு தடவை வேலை! நீங்க கதவுப் பக்கம் பையோடு நிற்கும்போது, உங்களுக்கு முன்னாடி யாரோ ஒரு காலி ரேக் அந்த வழியைக் கடந்துட்டு இருக்கலாம்.

மின்சார ரயிலுக்கு இந்தத் தலைவலியே இல்லை. ரெண்டு முனையிலும் டிரைவர் கேபின். வந்தது ஒன்று, போனது ரெண்டு, முடிஞ்சது கதை. பக்கத்து மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் வண்டிகள் மடமடன்னு வந்து திரும்புதே, காரணம் இதுதான். 2022 நவம்பரில் சென்னை - மைசூர் பாதையில் ஓடத் தொடங்கின வந்தே பாரத்துக்கும் ரெண்டு பக்கமும் கேபின் உண்டு. இதையெல்லாம் படிச்சுத் தெரிஞ்சுக்கலாம். ஆனால் நாலு பிளாட்ஃபாரமும் நிறைஞ்சு, அஞ்சாவது வண்டி வாசலில் நிற்கும்போது உங்க கையாலேயே அதை விடுவிச்சுப் பாருங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் மறக்காது.

மறைவா ஒரு உலகம்

சென்ட்ரலை விட்டுக் கிளம்பின வண்டி எங்கே போகும்? சுவரில் மோதக் கூடாதே! அதுக்குத்தான் அந்த மறைவான யார்டு. முன்னாடி ஒரு பாலமோ, கட்டடமோ வெச்சு மறைச்சுடுங்க. கோவை, பெங்களூரு, யார்டு எல்லாமே அந்த நாலடிக்குள்ளேதான். பாயின்ட்டுக்கு இடமில்லைன்னா, நாலு தண்டவாளம் ஒட்டின ஒரு பலகையை மேஜை டிராயர் மாதிரி முன்னும் பின்னும் நகர்கிறபடி செய்யலாம். எந்தத் தண்டவாளம் நேரா வருதோ, அதிலிருந்து வண்டி கிளம்பும்.

கரன்ட் விஷயத்திலும் டெர்மினலுக்குத் தனிக் கவனம் வேணும். சாதாரண டி.சி. முறையில் தண்டவாளத்தில் மின்சாரம் பாய்ந்தால், அதன் மேல் நிற்கிற இன்ஜின் எல்லாம் ஓட ஆரம்பிச்சுடும். அதனால ஒவ்வொரு பிளாட்ஃபாரத்திலும் பஃபர் பக்கத்தில் ஒரு இன்ஜின் நிற்கிற அளவுக்குத் தண்டவாளத்தைப் பிரிச்சு, தனி ஸ்விட்ச் கொடுங்க. அப்போதான் மாட்டிக்கிட்ட இன்ஜின் சும்மா நிற்க, இன்னொன்று பெட்டிகளை இழுத்துட்டுப் போகும். டிஜிட்டல் முறையான டி.சி.சி.யில் ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனி நம்பர் உண்டு. நீங்க கூப்பிட்டதுதான் நகரும். சுகம்தான், ஆனால் செலவு கூடும்.

இன்னொரு சமாதானமும் பண்ணிக்கணும். நம்ம பிராட்கேஜ் 1676 மில்லிமீட்டர். 'என்' ஸ்கேலில் அது பத்தரை மில்லிமீட்டர் வரணும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 9 மில்லிமீட்டர், வெளிநாட்டு அகலத்துக்குச் செய்தது. ரெண்டடி தள்ளி நின்னு பார்த்தால் யாருக்கும் தெரியாது, விடுங்க. நம்ம ஊர்ப் பெட்டிகள் ரெடிமேடா கிடைக்கலைன்னா, பக்கவாட்டுப் படத்தைச் சரியான அளவில் பிரின்ட் எடுத்து, அட்டையில் ஒட்டி, வாங்கின பெட்டியின் அடிப்பாகத்தில் பொருத்திடலாம்.

கோபுரம் கடைசியில்தான்

'அந்தச் சிவப்புக் கட்டடம் எப்போ?' என்கிறீங்களா? 1873-ல் திறந்த ஸ்டேஷன். ஜார்ஜ் ஹார்டிங் வடிவமைத்தார். மணிக்கூண்டைச் சேர்த்தவர் சிஷோம். 136 அடி உயர மணிக்கூண்டு 'என்' ஸ்கேலில் ஒரு அடிக்கும் குறைவு. சன்போர்டில் வெட்டி, பஃபர் பக்கம் ஷெல்ஃபின் முனையில் நிறுத்துங்க. பார்த்த உடனே 'அட, சென்ட்ரல்!' என்பாங்க. ஆனால் முதலில் அதைக் கட்டிட்டு உட்கார்ந்தீங்கன்னா, தொண்டைக்கு இடம் போதாமல் தவிப்பீங்க. முதலில் பாதை, அப்புறம் வண்டி, கடைசியில் கட்டடம்.

ஹாஸ்டலில் இருக்கீங்களா, கையில் காசு இல்லையா? கவலையே வேண்டாம். நாலு சார்ட் பேப்பரை நீளவாக்கில் ஒட்டி, அசல் அளவில் தண்டவாளம் வரைஞ்சுடுங்க. பெட்டிகளுக்கு அட்டைத் துண்டு. ஒருத்தர் பேசின் பிரிட்ஜ் கேபின், ஒருத்தர் ஸ்டேஷன் மாஸ்டர், ஒருத்தர் ஷண்டிங் டிரைவர். ஆறு ரயிலுக்கு டைம்டேபிள் எழுதி, கடிகாரத்தைப் பார்த்து ஓட்டுங்க. எத்தனை வண்டி லேட் ஆகுதுன்னு குறிச்சு வையுங்க. பிறகு தொண்டையை மட்டும் அழிச்சு மாற்றி வரைஞ்சு, மறுபடி ஓட்டுங்க.

லேட் குறைஞ்சுதா? அப்போ பிளைவுட் வாங்கலாம். குறையலையா? அழி ரப்பர்தான் தேயும், காசு தேயாது!